ஒரே தோற்றம், விலை மட்டும் ஏன் வேறு?

80களில் ஜப்பானில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட் எலெக்ட்ரிக் கிட்டார் இரண்டு, பார்க்க அச்சு அசலாக ஒன்றுதான், விலை மட்டும் ஏன் இரண்டு மடங்கு என்று கேட்டிருக்கிறீர்கள். சீரியல் எண்ணை விடுங்கள், அது ஏறத்தாழ எந்த ஆண்டு என்று மட்டும்தான் சொல்லும். மாடல் பெயரின் கடைசி எண்ணைப் பாருங்கள்: எஸ்டி62-115 என்றால் அன்றைய ஜப்பான் விலை 1,15,000 யென், எஸ்டி62-55 என்றால் 55,000. இரண்டும் ஜப்பான் தயாரிப்புதான், ஆனால் விலை உயர்ந்ததில் நைட்ரோ லாக்கர் பூச்சும் அமெரிக்க பிக்கப்பும் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பாகம்) இருக்கும், மலிவானதில் தடித்த பாலி (பிளாஸ்டிக் வகை) பூச்சு, பெரும்பாலும் பாஸ்வுட் உடல். பாஸ்வுட் மோசமான மரம் இல்லை, சும்மா கெட்ட பெயர்! அப்புறம், வாங்கும் முன் பிக்கார்டை (உடலின் முன்பக்கத் தகடு) கழற்றிப் பாருங்கள். உள்ளே சின்ன சைஸ் பாட்களும் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாகங்கள்) மெல்லிய வயர்களும் இருந்தால் பேரம் பேசலாம், அதை மாற்ற அதிகம் செலவாகாது.