மீன் குட்டைக்கரைக் களை: மருந்தா, அரிவாளா?

வடகிழக்குப் பருவமழை நின்று வெயில் தலைகாட்டியதும் குட்டைக்கரையெல்லாம் புல் மண்டிவிடும். கேள்விகளும் அப்போதுதான் குவியும். எதற்கும் பதில் சொல்லுமுன் நான் பார்ப்பது ஒன்றுதான்: கரையில் போடுவது எதுவானாலும் ஒரு நல்ல மழைக்குத் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

மூன்று சென்ட் குட்டை. கரை முழுக்கக் கோரையும் அறுகும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மண்ணில் பட்டதும் அடங்கிவிடும், மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று உரக்கடையில் சொல்கிறார்கள். அடிக்கலாமா? – பட்டுக்கோட்டை

வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. கிளைபோசேட் மண்ணோடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும்தான். ஆனால் டப்பாவில் இருப்பது அது மட்டுமல்ல. மருந்து இலையில் வழுக்கி ஓடாமல் படர வேண்டும் என்பதற்காக வேறொரு பொருளும் சேர்த்திருப்பார்கள். மீனின் செவுளையும் தலைப்பிரட்டைகளையும் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். குட்டைக்கரையில் நின்று தெளித்தால் காற்றில் பறக்கும் திவலை தண்ணீரில் விழாமல் இருக்காது. அதோடு, 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட ஆணைப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாகத்தான் இந்த மருந்தை அடிக்க வேண்டும். வீட்டுக்காரர் கையில் தூக்கிக் கொடுப்பதே சரியில்லை.

அறுகை எதற்காக அழிக்கிறீர்கள்? கரை மண்ணை மழையில் கரையவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். அரிவாளால் ஒட்ட அறுத்துக்கொண்டே வாருங்கள், போதும். கோரை வேறு கதை. மேலே பிடுங்கினால் அடியில் உள்ள கிழங்கு மறுபடி முளைக்கும். பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடினாலும் ஊசிபோலக் குத்திக்கொண்டு வெளியே வரும். ஈர அட்டைப்பெட்டிகளை இரண்டு அடுக்காகப் பரப்பி, மேலே தென்னை ஓலை போட்டு மூடுங்கள். அதையும் மீறி வரும் முளைகளைப் பத்து நாளுக்கு ஒருமுறை களைக்கொத்தியால் எடுங்கள். இலைக்கு வெயில் கிடைக்காவிட்டால் கிழங்கு தன் கையிருப்பைத் தின்று தின்று ஓய்ந்துவிடும். ஒரு பருவம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

உப்பு, வினிகர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் மூன்றையும் கலந்து தெளித்தால் இயற்கையான களைக்கொல்லி என்று காணொலிகளில் சொல்கிறார்களே? – கோயம்புத்தூர்

சமையலறையில் இருந்து வந்தால் மட்டும் ஒரு பொருள் சாதுவாகிவிடாது. இந்த மூன்றில் மீனுக்கு மோசமானது சோப்புதான். செவுளை மூடியிருக்கும் வழவழப்பை அது கரைத்துவிடும். உப்பு கரை மண்ணைக் கெடுக்கும், பிறகு அங்கே அறுகுகூட வராது. கடையில் விற்கும் வினிகர் இலையைக் கருக்கும், வேரைத் தொடாது. கற்களின் இடுக்கில் நாலு செடி இருந்தால் அவற்றின்மேல் கொதிநீரை ஊற்றுங்கள். வேலை முடிந்தது.

தண்ணீருக்குள் வேலம்பாசி நிறைந்துவிட்டது. தூண்டில் போட முடியவில்லை. புல்கெண்டை விட்டால் தீருமா? எத்தனை விடலாம்? – மேட்டூர்

தீரும். இதற்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. 1959இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. நன்கு வளர்ந்த புல்கெண்டை ஒரு நாளில் தன் எடையளவு பசுந்தழைகூடத் தின்னும். சென்ட்டுக்கு மூன்று நான்கு போதும். குஞ்சு விடும்போது நாலு அங்குலத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். அதைவிடப் பொடியாக இருந்தால் பாசியை மெல்லும் வயது வந்திருக்காது, குட்டையில் விரால் இருந்தால் அதற்கு இரையாகவும் போய்விடும்.

சில விஷயங்களைக் கடையில் சொல்ல மாட்டார்கள். நார்ப்பிடிப்பான வெங்காயத்தாமரையைப் புல்கெண்டை சீந்தாது. அதைக் கையால்தான் அள்ள வேண்டும். ஆசையாக வைத்த அல்லியையும் தாமரையையும் மிச்சம் வைக்காது. அது துள்ளும் மீன், தண்ணீர் கரையோடு தளும்பி நின்றால் ஓரத்தில் வலை கட்டுங்கள். தின்றதில் பாதியைச் செரிக்காமலேயே வெளியேற்றும். அந்தக் கழிவு தண்ணீருக்கு எருவாகி நிறத்தைப் பச்சையாக்கும். கட்லாவும் வெள்ளிக்கெண்டையும் இருந்தால் அது நல்லதுதான்.

பாசி தீர்ந்த பிறகு அதைப் பட்டினி போடாதீர்கள். நாலு மூங்கிலைச் சதுரமாகக் கட்டி மிதக்கவிட்டு, கரையில் அறுத்த புல்லையும் கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல்லையும் அதற்குள் போடுங்கள். ஒரே வாரத்தில் பழகிவிடும். நீங்கள் புல்லோடு வரும்போதே மூங்கிலுக்கு அடியில் வந்து நிற்கும். ஒரு தாளைக் கவ்வி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். மருந்து அடித்த புல்லை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

பாசி சாகட்டும் என்று ஒரு மருந்து ஊற்றினோம். மூன்றாம் நாள் பாசி பழுத்துவிட்டது. நான்காம் நாள் விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பெரிய கட்லாக்கள் செத்துவிட்டன. மருந்து மீனுக்கும் விஷமா? – மன்னார்குடி

நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் விஷத்தைவிட மூச்சுத்திணறல்தான் காரணமாகத் தெரிகிறது. விஷம் என்றால் ஊற்றிய சில மணி நேரத்திலேயே, பெரிதும் சிறிதுமாகச் சேர்ந்து போயிருக்கும். உயிர்வளிக் குறைவு என்றால் விடியலில் வரும், பெரிய மீனைத்தான் முதலில் கொண்டுபோகும்.

30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நன்னீர் பிடித்து வைத்திருக்கும் உயிர்வளியே ஏழரை மில்லிகிராம்தான். இரவில் செடியும் மூச்சுவிடும், மீனும் விடும், தருவதற்கு ஆள் கிடையாது. குட்டை நிறைய அழுகும் பாசியும் சேர்ந்தால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சத்தையும் குடித்துவிடும். அதனால்தான் ஒரே நாளில் முழுக் குட்டையையும் சுத்தம் செய்ய வேண்டாம் என்கிறேன். மூன்றில் ஒரு பங்கை எடுங்கள், பத்துப் பதினைந்து நாள் விடுங்கள், பிறகு அடுத்த பங்கு. எடுத்ததைக் கரையிலேயே குவித்தால் அழுகல் சாறு திரும்ப உள்ளேதான் வடியும். தள்ளிக் கொண்டுபோய்த் தென்னம்பாத்தியில் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிடுங்கள். அழுகியதை அரித்து எடுங்கள். தீவனமும் சாணமும் ஒரு வாரத்துக்கு வேண்டாம்.

நூல்நூலாக மிதக்கும் பாசிக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடலாமா? – ஈரோடு

போட்டுப் பிழைத்தவர்களும் உண்டு, மொத்த மீனையும் இழந்தவர்களும் உண்டு. காரத்தன்மை அதிகமான கிணற்று நீரில் செம்பு அடங்கிப்போகும். மழைநீர் நிறைந்த குட்டையில் அதே அளவு கொன்றுவிடும். தண்ணீரைச் சோதிக்காமல் அளவு சொல்வது தவறு, அதனால் நான் சொல்லப்போவதில்லை. செம்பு மக்கிப் போகாது, சேற்றில் தங்கும். முள்கொம்பு ஒன்றில் சுற்றி இழுத்தால் நூற்பாசி கொத்தாக வரும்.

ஏன் வருகிறது என்றும் பாருங்கள். கையைத் தண்ணீரில் நேராக இறக்குங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைந்தால் சரி. மணிக்கட்டிலேயே மறைந்தால் தீவனமும் எருவும் மிஞ்சிவிட்டன. முழங்கைக்கு மேலே போயும் விரல் தெரிந்தால் வெளிச்சம் அடிவரை இறங்குகிறது, பாசி அங்கிருந்துதான் முளைக்கும்.

தார்ப்பாய் விரித்த குட்டை. ஓரத்துப் புல்லுக்கு பிரஷ் கட்டர் ஓட்டலாமா? – நாமக்கல்

தார்ப்பாயின் விளிம்பிலிருந்து இரண்டடிக்குள் வேண்டவே வேண்டாம். அங்கே கையால் பிடுங்குங்கள்.

குட்டையை ஒட்டிய தென்னைக்கு இலுப்பைப் புண்ணாக்கு வைக்கலாமா? – பொள்ளாச்சி

களை பற்றிய கேள்வி இல்லை என்றாலும் இதை விட மனமில்லை. வைக்காதீர்கள். குளத்தில் வேண்டாத மீனைக் கொல்லவே இதைப் போடுகிறார்கள். ஆயிரம் லிட்டருக்குக் கால் கிலோ போதும். வேப்பம்புண்ணாக்கும் மீனுக்கு ஆகாது. நன்றாக மட்கிய தொழுவுரம் போடுங்கள், அதையும் குட்டைக்கு எதிர்ப்பக்கத்தில்.

ஓரத்தில் சம்பும் நெய்வேலிக் காட்டாமணக்கும் புதர்போல் நிற்கின்றன. – சிதம்பரம்

சம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். அதன் கிழங்கு மூச்சுவிடுவது தண்டு வழியாகத்தான்; அறுத்த வாய் நீருக்குள் மூழ்கியே இருந்தால் அழுகிவிடும். மேலே அறுத்தால் வீண் வேலை. காட்டாமணக்கை வேரோடு பெயர்த்து எடுங்கள், வெட்டிய துண்டு ஒன்றுகூட ஈரமண்ணில் கிடக்கக் கூடாது. ஒவ்வொன்றும் வேர்விடும். ஆட்டுக்குப் போடாதீர்கள், அதற்கு நஞ்சு.

பக்கத்து வயலில் நெல்லுக்குக் களைக்கொல்லி போடுகிறார்கள். அந்த வடிநீர் எங்கள் குட்டைக்குத்தான் வருகிறது. – திருவாரூர்

நெல்லுக்குப் போடும் பூட்டாகுளோர் மீனுக்குக் கடும் நஞ்சு. போட்டபின் வாரம் பத்து நாள் வயலிலேயே தண்ணீரைக் கட்டி வைப்பது அவருக்கும் லாபம். வடித்துவிட்டால் மருந்தும் சேர்ந்துதான் போகும். சண்டைக்குப் போகாமல் இதை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். அதோடு வயல் பக்கம் ஒரு முழ உயரத்துக்கு வரப்பை ஏற்றி, வடிகால் குட்டையைச் சுற்றிப் போகும்படி வாய்க்காலைத் திருப்பிவிடுங்கள். மருந்து போடும் நாளை முன்கூட்டியே சொல்லச் சொன்னால், அன்று மடையை அடைத்துக்கொள்ளலாம்.