‘நாங்கள் செய்தோம்’ என்றால் யார் செய்தது?

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை ஐந்து வருடமாக வாசிக்கிறேன். இது இலக்கியக் கேள்வி இல்லை, மன்னிக்கவும். இங்கிலாந்தில் அரசு வேலையில் இருந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் வணிகப் பட்டம் முடித்தேன். கல்யாணமாகி லண்டன் வந்து ஒன்பது வருடம். ஒரு மருந்துக் கடை கவுண்டரில் வேலை செய்கிறேன். சிவில் சர்வீஸில் (இங்கத்தைய அரசுப் பணி) இஓ, அதாவது எக்ஸிகியூட்டிவ் ஆபிசர், நிலை வேலைகளுக்கு மூன்று தடவை விண்ணப்பித்தேன். மூன்றிலும் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டேன். ‘மேக்கிங் எஃபெக்டிவ் டிசிஷன்ஸ்’ (நல்ல முடிவெடுத்தல்) பகுதிக்கு ஒவ்வொரு முறையும் 3 மதிப்பெண்தான். காரணம் சொல்லவில்லை.

அதற்குச் சொந்த அனுபவ உதாரணமாக நான் எழுதியது எங்கள் கோயில் தேர்த் திருவிழாவைப் பற்றி. 4,000 பேருக்கு அன்னதானம், 60 தொண்டர்கள், தெருவை மூடக் கவுன்சில் அனுமதி, எல்லாம் நாங்கள் செய்ததுதான். இதைவிடப் பெரிய உதாரணம் என்னிடம் இல்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நிர்வாக உதவியும் செய்கிறேன். ஒருமுறை அங்கே ஹீட்டர் பழுதாகி வகுப்புகளை மாற்ற வேண்டி வந்தது. அதெல்லாம் எழுதுகிற அளவுக்கு இல்லை. கோயில் விஷயத்தை எழுதியதே தவறா? தோழி ஒருத்தி, சாட்ஜிபிடியிடம் ஒரு உதாரணம் கேட்டு வாங்கிப் போடு என்கிறாள். செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரு மனுஷி தன் வாழ்க்கையில் நடந்ததை 250 சொற்களில் முன்பின் தெரியாதவருக்குப் புரிய வைப்பது எழுத்து வேலைதான். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுதத் தொடங்கினேன். பிறகு நிறுத்திவிட்டு, விண்ணப்பத்தையும் ஹீட்டர் கதையையும் அனுப்பச் சொல்லி உங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். இரண்டும் வந்தன. அவற்றை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி அடையாளங்களை எடுத்துவிட்டுப் பொதுவிலேயே போடுகிறேன்.

முதலில் அந்த 3. ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பொதுவாக 4 இருந்தால்தான் அடுத்த கட்டம். 3 என்றால் ஓரளவுக்குச் சான்று இருக்கிறது, போதவில்லை என்று பொருள். நீங்கள் ஒரு படி கீழேதான் நிற்கிறீர்கள். ஆனால் அதே உதாரணத்தை மெருகேற்றிக்கொண்டே இருந்தால் அந்த ஒரு படியை ஏற முடியாது. உதாரணத்தையே மாற்ற வேண்டும்.

கோயிலை எழுதியது தவறே இல்லை. 2018ல் வந்த ‘சக்சஸ் புரொஃபைல்ஸ்’ என்ற ஆள்தேர்வு முறைப்படிதான் மதிப்பெண் போடுகிறார்கள். உதாரணம் சம்பள வேலையிலிருந்துதான் வர வேண்டும் என்று அதில் கட்டாயம் இல்லை. தொண்டு வேலையும் செல்லும், வீட்டு வாழ்க்கையும் செல்லும். பிரச்சினை தேரில் இல்லை. உங்கள் விண்ணப்பத்தை எடுத்து, ‘வீ’ (நாங்கள்) என்று வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டேன். பதினான்கு. ‘ஐ’ (நான்) இரண்டே இரண்டு. அதில் ஒன்று, ‘இதில் பங்கெடுத்ததில் பெருமைப்படுகிறேன்’ என்ற வரி. மதிப்பெண் போட உட்காருகிறவருக்கு உங்களைத் தெரியாது, உங்கள் பெயர்கூட அவர் கண்ணில் படாது. அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு அவர் கேட்கும் ஒரே கேள்வி: இந்த ஆள் என்ன செய்தார்? அறுபது பேரில் நீங்கள் எந்த ஆள் என்பது அந்த 246 சொற்களில் எங்குமே இல்லை.

இது உங்கள் குறை என்று நான் நினைக்கவில்லை. நம் வீடுகளில் ‘நான் நான்’ என்று பேசுகிற பிள்ளையை அடக்கித்தான் வளர்க்கிறார்கள். நாலு பேர் கூடிய இடத்தில் ‘எல்லாரும் சேர்ந்து செய்தோம்’ என்பதுதான் மரியாதை. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கும், அதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பம் சபை இல்லை. சாட்சிக் கூண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்பது நீங்கள் கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும். ‘நான் போன் செய்தேன்’ என்று சொல்வது தற்பெருமை ஆகாது. போன் செய்தது நீங்கள்தானே?

2014ல் நான் முதல் தடவை விண்ணப்பித்தபோது இதே தவறைத்தான் செய்தேன். அப்போது இந்தப் பகுதிகளுக்குக் ‘காம்பிட்டன்சி’ (திறன்) என்று பெயர். வேலை செய்த இடத்தில் ஒரு பெரிய கணினி மாற்றம் நடந்தது, அதைப் பக்கம் நிறைய எழுதினேன். என் பங்கு என்ன என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு வரிக்கு மேல் சொல்லியிருக்க முடியாது. நிகழ்ச்சி பெரிதாக இருந்தால் மதிப்பெண்ணும் பெரிதாக வரும் என்று நம்பினேன். பல வருடம் கழித்து மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஒரே நாளில் நாற்பது ஐம்பது விண்ணப்பங்கள் வாசித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆள் தெரிவது சின்ன நிகழ்ச்சிகளில்தான்.

இந்தக் கேள்விமுறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், அது தெரிந்தால் அவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது பிடிபடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜான் ஃபிளனகன் என்ற உளவியலாளர் அமெரிக்க ராணுவ விமானப் படையில் வேலை செய்தார். விமானியாகும் பயிற்சியில் தேறாத 1,000 பேரை ஏன் நீக்கினார்கள் என்று பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ‘பறக்கும் திறன் இயல்பாக இல்லை’, ‘பொருந்தாத மனோபாவம்’, ‘முடிவெடுக்கத் தெரியவில்லை’ என்கிற மாதிரி எழுதியிருந்தது. இதை வைத்து யாருக்கு என்ன கற்றுக்கொடுப்பது? அதனால் பிறகு, ‘ஒரு குறிப்பிட்ட சம்பவத்தைச் சொல், அதில் அந்த ஆள் சரியாக என்ன செய்தான்?’ என்று கேட்கத் தொடங்கினார்கள். 1954ல் ஃபிளனகன் அதை ஒரு முறையாகவே எழுதி வெளியிட்டார். ‘நான் குழுவோடு நன்றாகச் சேர்ந்து வேலை செய்வேன்’, ‘அழுத்தத்திலும் நிதானமாக இருப்பேன்’ என்று இன்று நாம் எழுதுகிற வரிகள் அந்தப் பழைய பதிவுகளின் உறவுக்காரர்கள். அவற்றுக்கு மதிப்பெண் கிடையாது.

சரி, உங்கள் ஹீட்டர் கதைக்கு வருவோம். ‘எழுதுகிற அளவுக்கு இல்லை’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். இரண்டாவது மின்னஞ்சலில் நீங்கள் எழுதியதை வாசகர்களுக்காகச் சுருக்குகிறேன்.

ஜனவரி மாதம், வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. வாடகைக்கு எடுத்த பள்ளிக் கட்டடத்தின் காவலாளி போன் செய்து, கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் போய்விட்டது, திங்கட்கிழமைக்கு முன் ஆள் வராது என்கிறார். மறுநாள் காலை ஒன்பதரைக்கு 132 பிள்ளைகள் வருவார்கள். பள்ளி அதிபர் கொழும்பு விமானத்தில் இருக்கிறார், பிடிக்க முடியாது. நீங்கள் காவலாளியிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள்: உள்ளே இப்போது எத்தனை டிகிரி, எந்த அறைகளில் மின்சார ஹீட்டர் இருக்கிறது? 11 டிகிரி, மூன்று அறைகள். எல்லா வகுப்பையும் ரத்து செய்யலாம். கோட் போட்டுக்கொண்டு எல்லாரையும் வரச் சொல்லலாம். மூன்றாவதாக ஒன்றை நீங்கள் யோசித்தீர்கள்: கோடையில் தேர்வு எழுதப் போகிற 38 பிள்ளைகளை மட்டும் அந்த மூன்று அறைகளில் வைத்து நடத்துவது. குழுத் தலைவரை அழைத்துச் சம்மதம் வாங்கினீர்கள். எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி போட்டீர்கள். இரவு ஒன்பதரைக்கு யார் யார் பார்க்கவில்லை என்று பார்த்து, ஒன்பது பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்தீர்கள். அப்புறம், பேரனை இரண்டு பஸ் மாறிக் கூட்டிவரும் ஒரு அம்மம்மா ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்பது உங்களுக்கு ஞாபகம் வந்தது. அவருடைய வீட்டுத் தொலைபேசி எண்ணைப் பழைய சேர்க்கைப் படிவத்தில் தேடி எடுத்தீர்கள்.

அந்த இடத்தை நான் மூன்று தடவை வாசித்தேன். அம்மம்மாவின் பேரன் தேர்வு வகுப்பில் இல்லை. நீங்கள் தேடியிருக்காவிட்டால், காலையில் இருவரும் குளிரில் வந்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியிருப்பார்கள். முடிவு யாரையெல்லாம் பாதிக்கும் என்று யோசித்த ஒருவர்தான் அந்தப் படிவத்தைத் தேடுவார். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நீங்கள் கற்கவில்லை. மதிப்பெண் போடுகிறவர் அறிய விரும்புவது இதைத்தான்.

இப்போது ஒரு சோதனை சொல்கிறேன், என்னிடம் கேட்டுவருகிற எல்லாருக்கும் சொல்வது. உதாரணத்தை ஆங்கிலத்தில் எழுதும் முன் தமிழில் உங்கள் தங்கையிடம் சொல்வதுபோல் எழுதிப் பாருங்கள். பிறகு வினைமுற்றுகளை மட்டும் பாருங்கள். தேர்த் திருவிழாவில் ‘நடத்தினோம், சமைத்தோம், வாங்கினோம்’ என்று எல்லாமே ‘ஓம்’. ஹீட்டரில் ‘கேட்டேன், யோசித்தேன், அழைத்தேன், அனுப்பினேன், தேடினேன்’ என்று ஆறேழு ‘ஏன்’ தானாகவே வந்து நிற்கிறது. யார் செய்தது என்பதை நம் மொழி வினையின் வாலிலேயே வைத்திருக்கிறது, ஒளிக்க முடியாது. ‘ஏன்’ ஐந்துக்குக் குறைந்தால் அந்த உதாரணத்தை ஒதுக்கி வையுங்கள், அது எவ்வளவு பெரிய நிகழ்ச்சியாக இருந்தாலும்.

‘ஸ்டார்’ முறை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: சூழல், பணி, செயல், விளைவு. நல்லதுதான். ஆனால் நம் ஆட்கள் சூழலிலேயே பாதியைச் செலவழித்துவிடுகிறார்கள். தேர் என்றால் என்ன என்று விளக்கவே உங்களுக்கு 70 சொற்கள் போயிருக்கின்றன. பாய்லர் பழுது என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். 40 சொற்களில் சூழலையும் பணியையும் முடித்துவிட்டு, 160க்குக் குறையாமல் செயலுக்குக் கொடுங்கள். மிச்சம் விளைவுக்கு.

உங்கள் கதையில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. எல்லாவற்றையும் ரத்து செய்வதுதானே எளிது, ஏன் செய்யவில்லை? அதை நீங்கள் எழுதவேயில்லை. நத்தார் (கிறிஸ்துமஸ்) விடுமுறையால் தேர்வு வகுப்புகள் ஏற்கெனவே பின்தங்கியிருந்தன என்று வேறொரு இடத்தில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அதை இங்கே கொண்டுவாருங்கள். எந்த வழியை எடுத்தீர்கள் என்பதோடு, எதை ஏன் விட்டீர்கள் என்பதும் சேர்ந்தால்தான் அது முடிவெடுத்தல். இல்லாவிட்டால் வெறும் ஓடியாடி வேலை செய்தது. விளைவுக்கு, 38 பேரில் 35 பேர் வந்தார்கள், மூடிய வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை என்ற இரண்டு எண்களும் போதும். வாட்ஸ்அப் இல்லாத குடும்பங்களின் பட்டியலை அதிபர் அதன் பிறகு நிரந்தரமாக வைத்திருக்கிறார் என்றீர்களே, அதையும் போடுங்கள்.

தேரை முழுதாகக் கைவிட வேண்டாம். பாத்திரம் கழுவும் இடத்தில் இளைஞர்களுக்கும் மூத்த தொண்டர்களுக்கும் மனஸ்தாபம் வந்து, நீங்கள் இரு பக்கமும் தனித்தனியாகக் கதைத்து நேரத்தைப் பிரித்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ‘சேர்ந்து பணியாற்றல்’ கேட்டால் அந்தப் பத்து நிமிடத்தை எடுங்கள். அன்னதானத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது அங்கே தேவையே இல்லை.

சாட்ஜிபிடி விஷயம். மொழியைத் திருத்த உதவி வாங்கலாம், தடையில்லை. ஆனால் உதாரணம் உங்கள் சொந்த அனுபவத்திலிருந்து வந்த உண்மையாக இருக்க வேண்டும் என்று வேலை விளம்பரத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கும் மேலே, நேர்முகத் தேர்வில் ‘அப்புறம் என்ன நடந்தது?’ என்று ஒரு கேள்வி வரும். கடன் வாங்கிய கதைக்கு அப்புறம் கிடையாது. அந்த அம்மம்மா போனில் என்ன சொன்னார் என்று கேட்டால் உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இஓ நிலைக்கு என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற விளக்கத்தை மறுபடி வாசியுங்கள். தெரியாதபோது உரியவர்களிடம் கேட்பதும், எடுத்த முடிவைத் தெளிவாக விளக்குவதும் அதில் வருகின்றன. காவலாளியிடம் கேட்டது, தலைவரிடம் சம்மதம் வாங்கியது, பெற்றோருக்கு எழுதிய செய்தி மூன்றும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. மேல்நிலை விளக்கத்தைப் பார்த்துப் பயந்துதான் நீங்கள் பெரிதாக ஏதாவது தேடப் போனீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த விண்ணப்பத்துக்கு 19ஆம் தேதி கடைசி என்றீர்கள். 15க்குள் தமிழில் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், ஆங்கிலம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பெற்றோருக்கு அன்று எட்டு மணிக்குப் போட்ட செய்தி உங்கள் போனில் இன்னும் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.