செவ்வாய்க்கிழமை வீட்டில் நில்லும்

கேள்வி: மருதனார்மடம் இராமநாதன் நுண்கலையில் பரதநாட்டியம் முடித்து, தமிழ்நாட்டில் முதுகலையும் படித்துவிட்டு வந்து ஒன்றரை வருடம். நகை அடைவு, குழுக்கடன் (பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கிற கடன்) எல்லாம் சேர்த்து 6 இலட்சம் நிற்கிறது. கடன் அம்மாவின் பேரில். தவணையும் அம்மாதான் கட்டுகிறார். 14 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், மாதம் 21,000 வரும். பரீட்சைக்குப் பழக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், மனம் ஒப்பவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் முற்றத்தில் தவணை கட்டுகிற குழுக்கூட்டம். அந்தச் சத்தத்தில் பயிற்சி செய்ய முடியாமல் தோழி வீட்டுக்குப் போய்விடுவேன். நான் படித்தது பிழையா?
- வாசகி, தருமபுரம்

பதில்: பிள்ளை, படித்தது பிழையோ சரியோ, நான் எதைச் சொன்னாலும் உம்முடைய தவணை குறையாது. அதை விடும்.

என் கண்ணில் குத்தினது உம்முடைய செவ்வாய்க்கிழமை. சத்தமாம்! மோட்டார் சைக்கிளில் வந்த உத்தியோகத்தர் பெயர் கூப்பிட, பாயில் இருக்கிற பெண்கள் ஒவ்வொருவராகக் கொப்பியையும் காசையும் நீட்டுகிற சத்தம் அது. ஒருத்திக்குக் குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்பவேண்டும். அதுவரை ஒருவரும் எழும்ப ஏலாது. அரசாங்கத்தின் வட்டியில்லாக் கடன் உயர்தரம் முடித்தவர்கள் முதற்பட்டம் படிக்கத்தான், முதுகலைக்கு இல்லை. உமக்குப் பிணை நின்றது அந்தப் பாய். போன கிழமை அதில் எவளுக்குக் காசு குறைந்தது என்று உமக்குத் தெரியுமா? நாயகியின் துயரத்தை முகத்தில் கொண்டுவர இரண்டு வருடம் படித்தீர். பெற்றவளின் முகத்தைப் பார்க்கப் பயந்து தோழி வீட்டுக்கு ஓடுகிறீர்.

பரீட்சைக்குப் பழக்க மனம் ஒப்பவில்லையாம். வட இலங்கை சங்கீத சபை நடத்துகிற நடனப் பரீட்சைக்கு உம்மையும் யாரோ ஒரு ரீச்சர் பழக்கித்தானே விட்டிருப்பார்? சாதாரண தரத்துக்கு நடனம் எடுக்கிற பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் மாதம் 15,000 கூடும். ஆசிரியர் நியமனத்துக்கு வர்த்தமானி வந்தால் விண்ணப்பியும், அதுவரை இதைச் செய்யும். (நான் முல்லைத்தீவில் விடியவிடியக் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். இரவில் ஆடினவர்கள் பகலில் வயலிலும் கடலிலும் நின்றார்கள். அதனால் ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.)

முதலில் குழுக்கடனை முடியும். வட்டி முழு முதலுக்கா, கட்டிக் குறைந்த மிச்சத்துக்கா என்று கொப்பியைப் பார்த்துக் கேளும். 1 இலட்சத்துக்கு 24 வீதம் என்று முழு முதலுக்கும் போட்டு, ஒரு வருடத்துக்குள் வாராவாரம் அறவிட்டால், உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். திருப்பிக் கொடுத்துவிட்ட காசுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். நகை கொஞ்சம் பொறுக்கும். வட்டியைக் கட்டி அடைவைப் புதுப்பிக்கலாம்.

வருகிற செவ்வாய் தோழி வீட்டுக்குப் போகாதேயும். பாயை நீர் விரியும். அம்மாவின் பெயரைக் கூப்பிடும்போது கொப்பியோடு நீர் எழும்பும். காசு குறைந்தால், குறைகிறது என்று அந்தப் பெண்களிடம் உம்முடைய வாயாலேயே சொல்லும்.