கலஹாரி தூசியும் துப்பாக்கி எண்ணெயும்

அன்புள்ள ஐயா,

நமீபியாவுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. நீங்களும் இங்கே இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். போன வருடம் ஒரு நண்பரின் பண்ணைக்கு வேட்டைக்குப் போனேன். கோபாபிஸ் ஊரைத் தாண்டி சரளைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணம். இறங்கிப் பார்த்தால் என் .30-06 ரைஃபிளின் போல்ட், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு, கரகரவென்று இழுத்தது. நிறைய எண்ணெய் விட்டேன். மறுநாள் இன்னும் மோசமாகிவிட்டது. ஜூனில் மறுபடி போகிறேன். வழியில் தூசியை எப்படிச் சுத்தம் செய்வது?

ரா., விண்ட்ஹூக்

அன்புள்ள ரா.,

நீங்கள் விட்ட அந்த எண்ணெய்தான் கெடுத்தது. கலஹாரி பாலைவன மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். அதன் சிவப்பு, மேலே படிந்த இரும்பு ஆக்சைடின் நிறம். துப்பாக்கி எஃகைவிடக் குவார்ட்ஸ் கடினமானது. எண்ணெயோடு அது குழைந்தால் மெக்கானிக் கடையில் வால்வு தேய்க்கிற பசைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. காய்ந்த தூசி தட்டினால் உதிரும், எண்ணெயில் ஒட்டியது உதிராது.

அதனால் கிளம்பும் முன்பே எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். போல்ட்டின் பூட்டுப் பற்களுக்குப் பின்னால் மட்டும் விரல் நுனியில் தொட்ட அளவு கிரீஸ் போதும். துரு பிடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். ஜூன் மாதத்தில் நாட்டின் உட்பகுதி அவ்வளவு வறட்சி, ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகாது. ஆனால் அப்படியே கடற்கரையில் ஸ்வாகோப்மண்ட் பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு. பெங்குவேலா குளிர்நீரோட்டத்தால் எழும் மூடுபனி உப்போடு வந்து படியும். அங்கே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கட்டாயம் வேண்டும்.

ஜிப் வைத்த துணி உறையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சுத் துணி தூசியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஓடும் வேகத்தில் தூசியை உள்ளே இழுக்கும், மூடி போட்டிருந்தாலும் இழுக்கும். நீளமான தடித்த பிளாஸ்டிக் பையில் ரைஃபிளைப் போட்டு, வாயைக் கட்டி, அதன் மேல் உறையைப் போடுங்கள். இறங்கியதும் பையிலிருந்து எடுத்துவிடுங்கள், ஈரம் உள்ளே தங்கக் கூடாது. குழல் வாயில் மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பை ஒரே ஒரு சுற்று ஒட்டலாம். சுடும்போது குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைக் கிழித்துவிடும். ஆனால் குழலுக்குள் மண்ணோ மணலோ அடைத்திருந்தால் குழல் வெடிக்கும். போல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பார்க்காமல் ஒரு தோட்டாவும் உள்ளே போகக் கூடாது.

சுத்தம் செய்வதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், தினமும். முதலில் தோட்டாக்கள் அடுக்கும் மேகசின், குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை இரண்டும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டை எடுத்து உலர்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். பற்களின் இடுக்கு, தோட்டாவைப் பிடிக்கும் கொக்கி, மேகசின் ஸ்பிரிங், இங்கேதான் மணல் ஒளிந்திருக்கும். ஏற்கெனவே எண்ணெய்ச் சேறாகிவிட்டது என்றால் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் கழுவுங்கள். மிச்சம் வைக்காமல் ஆவியாகிவிடும். வெளியில் உட்கார்ந்து செய்யுங்கள், இறைச்சி சுடும் பிராய் அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். குழலுக்குள் துணி கட்டிய கயிற்றைப் பின்பக்கமிருந்து விட்டு முன்னால் நேராக இழுத்தால் போதும். வாய் விளிம்பில் கயிறு உரசக் கூடாது, குறியே மாறிவிடும். பண்ணையில் கம்ப்ரசர் இருக்கிறதே என்று டிரிகருக்குள் காற்று அடிக்காதீர்கள். அது தூசியை இன்னும் உள்ளே தள்ளும், கூடவே தண்ணீரும் வரும். குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் குவார்ட்ஸே பூச்சைக் கீறிவிடும். கேமராவுக்கு வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதிவிட்டு, மெல்லிய பிரஷ், அதற்கு அப்புறம்தான் துணி.

இவ்வளவு விரிவாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் இரண்டாவது வருடத்தில், களைப்பில் ஒரு மாலை சுத்தம் செய்யாமல் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை ஒரு ஸ்பிரிங்பாக் மான். முதல் குண்டு சற்றுப் பின்னால் பட்டது. அடுத்த தோட்டாவை ஏற்றப் போனால் மேகசினில் மணல், தோட்டா மேலே எழும்பவில்லை. மான் வயிற்றில் காயத்தோடு ஓடிவிட்டது. என்னைக் கூட்டிப்போன தடம் பார்ப்பவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மணி நேரம் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். ஒரு கருவேல் புதர் அடியில் அது தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தபடி படுத்திருந்தது. பத்து நிமிட வேலையை நான் செய்யாததற்கு அந்த உயிர் இரண்டு மணி நேரம் வலியை அனுபவித்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இன்னொன்று. குழலில் எண்ணெய் இருந்தால் முதல் குண்டு வேறு இடத்தில் படும், அதனால் காலையில் கிளம்பும் முன் உலர்ந்த துணியை ஒரு தடவை இழுத்துவிடுங்கள். சரளைச் சாலை ஸ்கோப் திருகுகளையும் தளர்த்தியிருக்கும். திருப்புளி ஒன்று பையில் இருக்கட்டும். பண்ணையில் இறங்கிய அன்றே நூறு மீட்டரில் தாள் கட்டி மூன்று குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் காட்டுக்குள் போங்கள்.