சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் சளி ஏன் அவ்வளவு கெட்டியாகிறது?

இது பிறவியிலேயே வரும் மரபணு நோய். செல்லிலிருந்து குளோரைடு உப்பை வெளியே விடும் புரதக் கதவு இதில் சரியாக வேலை செய்யாது. உப்பு போனால்தான் தண்ணீரும் பின்னாலேயே போகும், அது நடக்காததால் மூச்சுக்குழாய்ச் சளி, தண்ணீர் போதாத தோசை மாவு கல்லில் பரவாமல் திரண்டு நிற்குமே, அந்த மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் கிருமிகள் அதில் குடியேறுகின்றன.

1989இல் டொராண்டோவில் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், அமெரிக்காவின் பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் இந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவைக் கண்டுபிடித்தன. புரதத்தைச் சங்கிலிபோல் கோக்கும் 1480 அமினோ அமிலங்களில் 508ஆவது மட்டும் இல்லை, பெரும்பாலான நோயாளிகளிடம் கோளாறு அவ்வளவுதான்! அதனால் புரதம் சரியாக மடங்காமல் போக, செல்லே அதை அழித்துவிடுகிறது.

பெற்றோருக்கு நோயில்லை என்றால் பிள்ளைக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இருவரிடமும் இந்த மரபணுவின் பழுதான பிரதி ஒவ்வொன்று மறைந்திருந்தாலே, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.