வாசகர் கேள்வி பதில்: ஆபீஸ் ஃபைபர் லைனுக்கு ஏன் இத்தனை ஆயிரம்?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ அப்பர் (மேல்பாகம்) தைக்கும் யூனிட் வைத்திருக்கிறேன். வீட்டில் 100 எம்பிபிஎஸ் வேக ஃபைபருக்கு ஜிஎஸ்டி நீங்கலாக மாதம் 799 ரூபாய் கட்டுகிறேன். அதே 100 எம்பிபிஎஸ்ஸை லீஸ்டு லைனாக, அதாவது யூனிட்டுக்கு மட்டுமான தனி இணைப்பாகக் கேட்டால் மாதம் 38,000, அதுபோக ஒருமுறை கட்டணம் 1,60,000 என்று கொட்டேஷன் வருகிறது. பகல் கொள்ளை இல்லையா இது?

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் இரண்டிலும் 100 என்ற எண்தான் ஒன்று, வாங்குகிற பொருள் வேறு. வீட்டுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் முறை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒரே இழை வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 ஆகவோ 64 ஆகவோ பிரிந்து அத்தனை வீடுகளுக்கும் போகிறது. அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு டவுன்லோடுக்கு சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ், அப்லோடுக்கு அதில் பாதி. 64 வீட்டுக்கும் தலா 100 என்று கொடுத்தால் 6,400 எம்பிபிஎஸ் விற்றாயிற்று, கையில் இருப்பது 2,500 கூட முழுசாக இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற கணக்கில்தான் 799 ரூபாய்க்குத் தர முடிகிறது. வீட்டுக்கு அது போதும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

லீஸ்டு லைனில் அந்த 100 உங்களுக்கு மட்டும். டவுன்லோடு 100, அப்லோடும் 100, ராத்திரி ஒன்பது மணிக்கும் 100. கூடவே நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி), அறுந்தால் இத்தனை மணி நேரத்துக்குள் சரி செய்வோம் என்ற எஸ்எல்ஏ, அதாவது சேவை உத்தரவாத ஒப்பந்தம். இந்த எஸ்எல்ஏவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 99.5 சதவீத நேரம் லைன் இருக்கும் என்று போட்டிருந்தால், 30 நாள் மாதத்தின் 720 மணி நேரத்தில் 3.6 மணி நேரம் லைன் இல்லாமல் போனாலும் அவர்கள் சொன்ன வாக்கு தவறவில்லை என்று அர்த்தம். 99.9 என்றால் அது 43 நிமிஷம். அதையும் தாண்டினால் என்ன தருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வாடகையில் ஒரு சிறு கழிவுதான், உங்கள் ஷிப்மென்ட் தவறியதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அந்த 1,60,000 விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பேரம் பேச இடம் இருப்பது அங்கேதான். ஃபைபர் இழை விலை மலிவு, சாலையை வெட்டுவதும் வெட்டிய சாலையைத் திரும்பப் போட உள்ளாட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ பணம் கட்டுவதும்தான் செலவு. ஆகவே மொத்தத் தொகையை ஏற்காமல், பக்கத்து இணைப்புப் புள்ளியிலிருந்து உங்கள் கேட் வரை எத்தனை மீட்டர், அதில் எத்தனை மீட்டர் புதிதாகத் தோண்டுவது, எத்தனை மீட்டர் கம்பத்தில் போவது, சாலை சீரமைப்புக்கு யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் பிரித்துக் கேளுங்கள். சிப்காட் மாதிரி இடத்தில் பக்கத்து கம்பெனிக்கு ஏற்கெனவே ஓஎஃப்சி (ஃபைபர் கேபிள்) வந்திருக்கலாம், அப்படியென்றால் உங்களுக்கு நூறு மீட்டர் வேலைதான். அக்கம்பக்கத்து யூனிட்காரர்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் தோண்டும் செலவு பங்காகிவிடும். மூன்று வருஷ ஒப்பந்தம் போடுகிறேன், ஒருமுறை கட்டணத்தைத் தள்ளுங்கள் என்றும் கேட்கலாம், கேட்பவர்களுக்குக் குறைக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கருத்தைக் கேட்டால், அப்பர் தைக்கும் யூனிட்டுக்கு லீஸ்டு லைன் தேவையில்லை. டேலி, மெயில், டிசைன் ஃபைல், வெளிநாட்டு பையருடன் வீடியோ கால், இவ்வளவுதானே? இரண்டு வெவ்வேறு கம்பெனியின் பிசினஸ் பிராட்பேண்ட், நடுவில், ஒன்று நின்றால் மற்றதுக்கு மாற்றிவிடும் ஒரு டூயல் வேன் (WAN) ரவுட்டர். மாதம் சில ஆயிரத்தில் முடியும் விஷயம்.

கேள்வி: வேலூரில் ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். சிடி படங்களை வெளியூர் ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குகிறோம். 200 எம்பிபிஎஸ் பிளான் இருந்தும் சாயந்தரம் ஒரு கேஸ் போய்ச் சேர அரை மணி நேரம் ஆகிறது. 500க்கு மாற்றலாமா?

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். நீங்கள் அனுப்புகிறீர்கள், அதாவது உங்களுக்கு வேண்டியது அப்லோடு. முதலில் சாயந்தரம் ஆறு மணிக்கு மேல், கேபிளில் நேரடியாகச் செருகிய கம்ப்யூட்டரில் அப்லோடு வேகத்தை மட்டும் நாலைந்து நாள் பாருங்கள், வைஃபையில் பார்க்காதீர்கள். ஒரு சிடி கேஸ் 500 எம்பி, அதாவது 4,000 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 20 எம்பிபிஎஸ் அப்லோடு உண்மையிலேயே கிடைத்தால் மூன்றரை நிமிஷத்துக்குள் போய்விட வேண்டும், 100 கிடைத்தால் 40 விநாடி. அரை மணி நேரம் ஆகிறதென்றால் உங்களுக்குக் கிடைப்பது 2 அல்லது 3 எம்பிபிஎஸ்தான், அல்லது அந்தப் பக்கம் வாங்கும் சர்வர் மெதுவானது. பிந்தையது என்றால் நீங்கள் எந்தப் பிளானுக்குப் போனாலும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை.

அப்லோடுதான் குறை என்று தெரிந்தால், 30 அல்லது 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன் 500 எம்பிபிஎஸ் பிராட்பேண்டைவிட உங்களுக்கு உதவும். ஸ்ட்ரோக் என்று வருகிற நோயாளியின் படம் காத்திருக்கக் கூடாது, அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் இடத்தில் நான் அந்தச் செலவைச் செய்வேன். ஒன்றை மட்டும் கணக்கில் சேருங்கள். ஸ்கேன் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் லைனுக்கு நீங்கள் கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக (வரியில் கழித்து) எடுக்க முடியாது. உங்களுக்கு 20,000 ரூபாய் லைன் என்றால் அது 23,600தான்.

கேள்வி: ஆம்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி. இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கியும் போன மாதம் இரண்டும் ஒரே நேரத்தில் அறுந்தன. எப்படி?

பதில்: இரண்டு பில் வந்தால் இரண்டு பாதை என்று பலரும் நம்பிவிடுகிறோம். ஒரு கம்பெனி இன்னொன்றிடம் இழையை வாடகைக்கு எடுத்திருக்கும், அல்லது இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில், ஒரே கம்பத்தில் வந்திருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஜேசிபி ஒரு வாய் அள்ளினால் இரண்டும் போயிற்று. தோண்டும் முன் கேபிள்காரருக்குத் தகவல் சொல்ல 2023ல் மத்திய அரசு கால் பிஃபோர் யூ டிக் என்ற செயலியையே கொண்டுவந்தது. ஒப்பந்தக்காரர்கள் எல்லோரும் அதைப் பயன்படுத்தினால் நம் ஊர் சாலைகளில் பாதித் தொல்லை தீரும்.

நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டாவது கம்பெனியிடம் பாதை வரைபடம் கேட்பது. கட்டடத்துக்குள் நுழையும் இடமே வேறாக இருக்கட்டும், ஒன்று முன் கேட்டில், ஒன்று பின் பக்கம். ஒன்று சென்னை பக்கம் போனால் மற்றது பெங்களூரு பக்கம் போகட்டும், ஆம்பூர் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இது கேட்கக்கூடிய விஷயம்தான். முடியாது என்றால் இரண்டாவதை, கேபிள் இல்லாமல் வரும் ரேடியோ லிங்காகவோ 5ஜியாகவோ வையுங்கள். வேகம் குறைந்தாலும் டவரிலிருந்து உங்கள் கட்டடம் வரை ஜேசிபி அறுக்க எதுவும் இருக்காது.

கேள்வி: ஆற்காட்டில் கேபிள் டிவி ஆபரேட்டர், இப்போது பிராட்பேண்டும் கொடுக்கிறேன். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் எத்தனையோ கம்பெனி ஃபைபர் ஓடுகிறது, ஆனால் மொத்தமாக பேண்ட்விட்த் வாங்கினால் சென்னை விலையைவிட எனக்கு அதிகம். ஏன்?

பதில்: காட்பாடியில் நிற்கிற எக்ஸ்பிரஸ் எல்லாம் திருவலத்திலும் நிற்பதில்லை, அதே கதைதான். நீள்தூர ஃபைபரை நினைத்த இடத்தில் வெட்டி இணைப்பு எடுக்க முடியாது, அவர்கள் கருவி வைத்திருக்கும் நிலையத்தில்தான் இறங்க வேண்டும். கடலடி கேபிள் கரையேறுவதும், பெரிய டேட்டா சென்டர்களும், கம்பெனிகள் தங்களுக்குள் டிராஃபிக்கை மாற்றிக்கொள்ளும் நிக்ஸி போன்ற இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சுகளும் சென்னையில். நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அங்கிருந்து இங்கே கொண்டுவரும் கூலி. அதனால் இன்டர்நெட்டையும் கொண்டுவருவதையும் தனித்தனியாக விலை கேளுங்கள். உங்கள் சந்தாதாரர் பார்ப்பதில் பெரும்பகுதி யூடியூபும் ரீல்ஸும். அந்த டிராஃபிக் சென்னையிலேயே எக்ஸ்சேஞ்ச் வழியாகவும், நகல்களைச் சேமித்து வைத்திருக்கும் கேஷ் (cache) சர்வரிலிருந்தும் கிடைக்கும், அதற்கு முழு டிரான்சிட் விலை, அதாவது உலக இன்டர்நெட் முழுவதற்குமான விலை கொடுக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊர் ஆபரேட்டர்களோடு சேர்ந்து சென்னையிலிருந்து கொண்டுவர ஒரு 10 ஜிபிபிஎஸ் டிரான்ஸ்போர்ட் லைன் எடுத்தால் எம்பிபிஎஸ் விலை நன்றாக இறங்கும்.

95 பர்சென்டைல் பில்லிங் என்று சொன்னால் கவனம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து, மாதத்தில் உச்சமான 5 சதவீதத்தை, அதாவது 36 மணி நேரத்தை விட்டுவிட்டு, மிச்சத்தில் உள்ள அதிக அளவுக்கு பில் போடுவார்கள். கேட்க லாபமாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்குத் தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் உச்சம் என்றால் மாதத்துக்கு 60 மணி நேரம், அது அந்த 36க்குள் அடங்காது. உங்களைப் போன்றவருக்கு நிலையான அளவில் வாங்குவதே நல்லது.

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம். பில் போட, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வாங்க லீஸ்டு லைன் வேண்டுமா?

பதில்: வேண்டாம். சாதாரண ஃபைபர் ஒன்று, அது நின்றால் மொபைல் ஹாட்ஸ்பாட். கனெக்‌ஷனை கடையின் ஜிஎஸ்டி எண்ணில் எடுங்கள், நீங்கள் காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இல்லையென்றால் அந்த 18 சதவீதம் கிரெடிட்டாகத் திரும்பிவிடும்.