எலுமிச்சையில் பன்னீர் எத்தனை சொட்டு? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் நிறையப் பேர் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, இல்லையென்றால் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டிலேயே இரண்டு பேரும் நிதானமாக உட்கார்ந்து பேச ஒரு ராத்திரி வேண்டும், கையில் நல்லதாக ஒரு பானம் வேண்டும், மது வேண்டாம், பூ வாசமும் எலுமிச்சைப் புளிப்பும் இருந்தால் நன்றாக இருக்கும் என்கிறீர்கள். டேட் நைட் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், இருக்கட்டும். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றிய சில கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

எலுமிச்சைச் சாற்றில் பன்னீர் விட்டு சர்பத் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு" என்று கணவர் டம்ளரை வைத்துவிட்டார். எங்கே தப்பு? (வாசகி, கோவை)

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரோஜா மணத்தில் உள்ள ஜெரானியால், சிட்ரோனெல்லால் மாதிரியான பொருட்களைத்தான் சோப்பு, ஷாம்பு செய்கிறவர்களும் போடுகிறார்கள், எலுமிச்சை வாசமோ பாத்திரம் தேய்க்கிற சோப்பு வரைக்கும் போய்விட்டது, அதனால் இரண்டும் தூக்கலாகச் சேர்ந்து வந்தால் மூக்கு நேராகக் குளியலறைக்குத்தான் போகும். நீங்கள் ஒரு ஸ்பூனாவது விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு டம்ளருக்குக் கால் டீஸ்பூன் போதும், அதையும் கடைசியில் விட வேண்டும். பன்னீர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வீரியத்தில் வருவதால் முதல் தடவை சொட்டுச் சொட்டாக விட்டு ருசி பாருங்கள். குடிக்கிறவருக்கு "ஏதோ வாசனை வருதே, என்ன அது?" என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "ரோஜா!" என்று தெரிந்துவிட்டால் அளவு தாண்டிவிட்டது.

இன்னொன்று, அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முகத்துக்குப் போடுகிற பன்னீரும் சமையலுக்கான பன்னீரும் கடையில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். சாப்பிடுகிற பொருள் என்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் அச்சாகியிருக்கும். அது இல்லாததை வாயில் வைக்காதீர்கள்.

இரண்டு பேருக்கான அளவு சொல்கிறேன். இரண்டு எலுமிச்சம்பழத்தின் மேல்தோலை, மஞ்சள் பாகத்தை மட்டும், கத்தியால் மெல்லிசாகச் சீவிக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் கசக்கும். அந்தத் தோலோடு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையைப் போட்டு விரலால் நன்றாகக் கசக்கி, மூடி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் தோலில் இருக்கும் எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு ஈரமாகிவிடும். எலுமிச்சையின் உண்மையான வாசம் அந்த எண்ணெயில்தான் இருக்கிறது, சாற்றில் இருப்பது பெரும்பாலும் புளிப்புதான். இதில் இரண்டு மேசைக்கரண்டி சாறு விட்டுச் சர்க்கரை கரையும் வரை கலக்கி வடிகட்டுங்கள். ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் ஐஸ், எல்லாம் முடிந்தபிறகு பன்னீர். அப்படியும் சோப்பு ஞாபகம் வருகிறது என்றால் தண்ணீரில் பாதிக்குப் பதிலாக, பால் விடாத லேசான தேநீரை ஆறவைத்து ஊற்றுங்கள். தேயிலையின் துவர்ப்பு அடியில் நின்றால் ரோஜா அடங்கிப்போகும். மது இல்லாத பானம் பலருக்குச் சப்பென்று தோன்றுவதற்கும் காரணம் இதுதான், தித்திப்பும் புளிப்பும் மட்டும் இருக்கும், நாக்கைக் கொஞ்சம் பிடித்து நிறுத்துகிற கசப்போ துவர்ப்போ காரமோ இருக்காது. தேநீர், இஞ்சிச் சாறு, ஆரஞ்சுத் தோல் என்று ஏதாவது ஒன்று வேண்டும்.

எங்கள் வீட்டிலேயே குண்டுமல்லிச் செடி இருக்கிறது. பூவைத் தண்ணீரில் கொதிக்கவைத்தேன், கீரை வேகவைத்த வாசம்தான் வந்தது. மல்லிகையில் பானமே போட முடியாதா? (வாசகர், மதுரை)

2013-லேயே புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை அடுப்பில் ஏற்றிவிட்டீர்கள்! மல்லிகை மணத்துக்குச் சூடு ஆகாது. ரோஜாவைக் காய்ச்சி வடித்துப் பன்னீர் எடுக்கிறார்களே, அந்த வழி மல்லிகைக்குச் சரிப்படாது, அதனால்தான் வாசனைத் திரவியம் செய்தவர்கள் ஒரு காலத்தில் மல்லிகையைக் கொழுப்பு தடவிய தட்டில் பரப்பி மணத்தை அதில் ஏற்றி எடுத்தார்கள். மொட்டாக இருக்கும்போது பெரிதாக மணம் கிடையாது, சாயங்காலம் வாய் திறந்தபிறகு ராத்திரி முழுக்க மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள் இந்த நேரக் கணக்கைப் பார்த்துத்தான் மொட்டைப் பறித்துத் தேயிலையோடு ராத்திரி கலந்து வைக்கிறார்கள். தாய்லாந்தில் இன்னும் சுலபம், தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். நமக்கு அதுவே போதும்.

முதல் நாள் அந்தி நேரத்தில் அன்றைக்கு விரியப்போகிற மொட்டாகப் பார்த்து ஒரு கைப்பிடி பறித்து, மெதுவாக அலசி, காய்ச்சி நன்றாக ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் மிதக்கவிட்டு மூடிவிடுங்கள். வாய் அகலமான பாத்திரமாக இருக்கட்டும், பூக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. விடிந்ததும் பூவை எடுத்துவிட வேண்டும், பழுப்பேறும் வரை விட்டால் தண்ணீரும் கெட்ட வாசம் அடிக்கும். தண்ணீரை வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

இதற்கு எலுமிச்சை சேராது, அதன் புளிப்பு மல்லிகையை அமுக்கிவிடும். கமலா ஆரஞ்சு நன்றாகப் போகும், சாத்துக்குடியும் போகும். பாதி மல்லிகைத் தண்ணீர், பாதி சாறு, துளி உப்பு, வேண்டுமென்றால் கொஞ்சம் சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். சாத்துக்குடியை மட்டும் மத்தியானமே பிழிந்து வைத்துவிடாதீர்கள். பிழிந்த சாறு நிற்க நிற்க லிமோனின் என்கிற கசப்புப் பொருள் அதில் உருவாகிக்கொண்டே போகும், ராத்திரி எடுத்தால் பழமே சரியில்லை என்று தோன்றும். உட்காரும்போது பிழியுங்கள். மிக்ஸியில் விதையோடு அடிக்கவும் வேண்டாம்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், செடி இல்லாதவர்கள் கடையில் முழம் போட்டு வாங்கிய பூவில் இதைச் செய்யக்கூடாது. அது தலையில் வைக்க விளைந்த பூ, மொட்டுப்புழுவுக்கு அடித்த மருந்து அதில் இருக்கலாம். பூக்கடை ரோஜாவுக்கும் இதே கதைதான். அழகாக இருக்கிறதே என்று வாசலில் இருக்கும் அரளியைப் பறித்து டம்ளர் விளிம்பில் செருகிவிடாதீர்கள், செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டுமே முழுச் செடியும் விஷம், அலங்காரத்துக்கும் வேண்டாம்.

என் கணவர் குடியை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. கல்யாண நாளன்று வீட்டிலேயே மோஹிட்டோ மாதிரி அலங்காரமாக ஏதாவது செய்து கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம், திருச்சி)

செய்வதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள் சகோதரி. இதில் திடீர் சந்தோஷம் கொடுக்கிறேன் என்று போகாதீர்கள். பார்வைக்கு, கிளாஸுக்கு, வாசனைக்கு மதுவைப் போலவே இருக்கிற பானம் சிலருக்கு ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். அவர் எந்த வகை என்று அவருக்குத்தான் தெரியும், சிகிச்சை தரும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். எனக்குத் தோன்றுவது, மோஹிட்டோவே வேண்டாம். நன்னாரி சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து இரண்டு சொட்டு பன்னீர் விட்டு எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். அது எதற்கும் மாற்று கிடையாது, அதுவாகவே ஒரு பானம்.

பொருள் வாங்கும்போது ஜாக்கிரதை. மாக்டெயில் (மது இல்லாத கலவைப் பானம்) செய்முறைகளில் "பிட்டர்ஸ் சில சொட்டு" என்று சாதாரணமாகப் போட்டிருப்பார்கள், மூலிகையை ஊறவைத்து எடுத்த கசப்புச் சாறு அது, பேர்போன அங்கோஸ்டுரா பிட்டர்ஸில் 44.7 சதவீதம் ஆல்கஹால். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று விற்பதும் ஆல்கஹாலில் ஊறவைத்ததுதான். கொம்புச்சா என்பது தேநீரைப் புளிக்கவைப்பது, அதிலும் கொஞ்சம் இருக்கும். பூ எசென்ஸ்களிலும் சிலது ஆல்கஹாலில் கரைத்தது, லேபிளைப் படியுங்கள். குடியை விட்டவர்களுக்குத் தருகிற டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குக் கொடுத்திருந்தால் இந்தக் கொஞ்சமே போதும், முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுக்க வைத்துவிடும். பூவையும் பழத்தையும் நீங்களே கையால் கசக்கிப் போடுவதில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. கல்யாண நாள் வாழ்த்துகள், இரண்டு பேருக்கும்.

சங்குப்பூவில் நீல நிற பானம் போட்டு அவள் கண்முன்னே நிறம் மாற வைக்க ஆசை. எப்படி? (வாசகர், சேலம்)

காய்ந்த பூ ஏழெட்டை நூறு மில்லி சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்தால் நீலம் இறங்கிவிடும். அதில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமி புளிப்பு பட்டால் ஊதாவாகும். டம்ளரில் அடியில் சர்க்கரைப் பாகு, நிறைய ஐஸ், அதன்மேல் நீலத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, எலுமிச்சைச் சாற்றைத் தனியாகக் குட்டிக் கிண்ணத்தில் கொடுத்து அவரையே ஊற்றச் சொல்லுங்கள். சங்குப்பூவுக்கு வாசமும் கிடையாது, ருசியும் பெரிதாகக் கிடையாது, எனக்கு அது கொஞ்சம் வேடிக்கைப் பொருள்தான். எலுமிச்சை இலை ஒன்றைக் கசக்கிப் போட்டால் குடிக்கவும் நன்றாக இருக்கும். வீட்டுக் கொடியில் பறித்தால் இதழை மட்டும் எடுங்கள், காயும் விதையும் வேண்டாம்.

மாமியார் கூடவே இருக்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு டம்ளரோடு மாடிக்குப் போனால் என்ன நினைப்பார்? (வாசகி, ஈரோடு)

மூன்று டம்ளராகப் போடுங்கள். முதல் டம்ளர் அத்தைக்கு.

எங்களுக்கு அறுபதை நெருங்குகிறது. ராத்திரி புளிப்பு எடுத்தால் இவருக்கு நெஞ்செரிச்சல். எங்களுக்கெல்லாம் டேட் நைட் கிடையாதா? (வாசகி, புதுச்சேரி)

ஏன் கிடையாது? உங்களுக்கு வேண்டியது எலுமிச்சையின் வாசம், புளிப்பு இல்லை. முதல் பதிலில் சொன்னேனே, வாசம் தோலில் இருக்கிறது. ஆரஞ்சுத் தோலை வெள்ளை இல்லாமல் இரண்டு விரல் நீளம் சீவி (மினுமினுவென்று மெழுகு பூசிய பழமென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு), கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவையுங்கள், ஐந்து நிமிடம் கழித்துத் தோலை எடுத்துவிட்டுக் கொஞ்சம் பனங்கற்கண்டு. சாறு வேண்டாம், சோடாவும் வேண்டாம். லெபனானில் இதற்கு அண்ணன் மாதிரி ஒன்று இருக்கிறது, கொதித்த தண்ணீரில் கசப்பு ஆரஞ்சுப் பூவில் வடித்த நீரை ஒரு ஸ்பூன் விட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பார்கள். காபித்தூள் ஒரு துளி இல்லை, பெயர் மட்டும் வெள்ளைக் காபி. அந்த ஆரஞ்சுப் பூ நீர் பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது, கிடைத்தால் வாங்கிப் பாருங்கள், பூவும் நாரத்தை வாசமும் ஒன்றாகவே வரும்.

மனைவிக்கு ஐந்தாம் மாதம். என்ன கொடுக்கலாம்? (வாசகர், திண்டுக்கல்)

சாத்துக்குடி, எலுமிச்சை, துளி உப்பு, வீட்டில் காய்ச்சிய தண்ணீரில் செய்த ஐஸ். செம்பருத்தித் தேநீரும் குயினைன் சேர்த்த டோனிக் வாட்டரும் இப்போது வேண்டாம். பன்னீர் வாசமே சிலருக்கு இந்த நேரத்தில் குமட்டும், பாட்டிலை முகர்ந்து பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் விடுங்கள். சர்க்கரை அளவு கூடியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் பழச்சாற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சிலர் ரூம். சனிக்கிழமை அவள் முதல் தடவையாக வருகிறாள். ஷேக்கர் கிடையாது, ஒன்றும் கிடையாது. ரீல்ஸில் புகை வருகிற மாதிரி செய்கிறார்களே, அது முடியுமா? (வாசகர், சென்னை)

புகை வேண்டாம் தம்பி. அது டிரை ஐஸ், கரியமில வாயுவை உறையவைத்த கட்டி, துண்டு வாய்க்குள் போனால் உள்ளே வெந்துவிடும். 2024-ல் குருகிராமில் ஓர் உணவகத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் மணக்க என்று டிரை ஐஸைத் தின்றவர்கள் ரத்த வாந்தி எடுத்தார்கள்.

ஷேக்கருக்குக் காலி ஜாம் பாட்டில் போதும். சோடாவை மட்டும் அதில் போட்டுக் குலுக்காதே, அறை முழுக்கத் துடைக்க வேண்டிவரும். அம்மா கொடுத்த செம்புச் சொம்பு அழகாக இருக்கிறது என்று அதில் எலுமிச்சை கலக்காதே, புளிப்பில் செம்பு கரையும், கண்ணாடி டம்ளர் இரண்டு வாங்கு. ஐஸை முதல் நாளே இரண்டு கிண்ணத்தில் பெரிய கட்டியாக உறையவை, சீக்கிரம் கரையாது. தெருமுனையில் பன்னீர் சோடா கிடைத்தால் உன் வேலை முடிந்தது. ஏற்கெனவே தித்திப்பு, ஏற்கெனவே ரோஜா, அதனால் ஒரு பாட்டிலுக்கு அரை மூடி எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் போதும். சாற்றையும் உப்பையும் முதலில் டம்ளரில் விட்டு, ஐஸ் போட்டு, அவள் வந்து உட்கார்ந்தபிறகு சோடாவை உடை.